பக்கத்து லைன் அக்காவுக்கு

ஜார்ஜ் டவுன்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷஹீதா அக்கா,

இப்படி நீளமாக எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் நீலக்குறி விழுகிறது, பதில் வருவதில்லை. போன் செய்யலாம்தான். நீங்கள் எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்ற பயத்தில் செய்யவில்லை. அலுவலக மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் எழுதினால் அறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் உங்கள் சொந்த முகவரிக்குத் தமிழில் எழுதுகிறேன்.

கேரியர் டேக்கு நீங்கள் கேட்ட பத்தி இன்னும் தயாராகவில்லை. கலைத்துறையில் படித்த பெண் டெக் கம்பெனியில் எப்படித் தன் இடத்தைப் பிடித்தாள் என்று மாணவர்களுக்குச் சொல்லும் பத்தி. கெலுகோர் பல்கலைக்கழகத்தில், நான் பின்வரிசையில் உட்கார்ந்து படித்த அதே மண்டபத்தில், என் படத்தோடு திரையில் காட்டப் போகிறீர்கள். பலமுறை எழுதிப் பார்த்தேன். "மானுடவியல் படித்தேன், கூடவே இரண்டு கணினிப் பாடங்கள் எடுத்தேன், இங்கே பயிற்சிக்கு வந்தேன்" என்பதுவரை வந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வரியில் புகார் லைன் வர வேண்டும். ஃபேக்டரிப் பெண்கள் பெயர் சொல்லாமல், தங்கள் மொழியில், போனில் குறை சொல்ல ஒரு மெஷின். அதற்குத் தமிழ்ப் பேச்சைப் புரியவைத்தவள் நான். அந்த வரியில் நின்றுவிடுகிறேன்.

காரணம் இதுதான். நம் மெஷினை வாங்கியிருக்கும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில், முலாம் பூசும் ப்ளேட்டிங் செக்‌ஷனில் ஓர் அக்கா இருக்கிறார். அமிலத் தண்ணீர் கையுறைக்குள் இறங்கி இறங்கி, இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை வெந்து தோல் உரிந்துவிட்டது. இப்போது ஃபேக்டரி அவர்மீதே விசாரணை வைத்திருக்கிறது. காயத்தை மறைத்தாராம், எந்தப் புகாரும் செய்யவில்லையாம். செப்டம்பர் 18 விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அவர்கள் காட்டும் ஆதாரம் நம் மெஷின் அனுப்பிய மாத அறிக்கை. அந்த செக்‌ஷனிலிருந்து புகார் இல்லை என்று அதில் இருக்கிறது.

ஆனால் அந்த அக்கா புகார் லைனுக்குப் போன் செய்திருக்கிறார். ஒருமுறை அல்ல.

நான் எழுதிக் கொடுத்த குறிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். நம் பெண்கள் தங்கள் வலியைத் தங்கள் வலி என்று சொல்ல மாட்டார்கள். "பக்கத்து லைன்ல ஒரு அக்காவுக்கு" என்றுதான் சொல்வார்கள். அப்படி வரும் அழைப்பை மெஷின் ஒதுக்கக் கூடாது, ஒரு மனிதர் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பு இப்போது மெஷினில் இல்லை. அதை யார் எடுத்தார்கள் என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். சிலருக்கு வருத்தமும் இருக்கிறது.

துளசி


கோலாலம்பூர்
22 ஆகஸ்ட் 2025

துளசி,

"சிலருக்கு" என்றால் யாருக்கு? பினாங்கு ஆபீசில் தமிழ்ப் பகுதியைப் பார்த்தவர்கள் நீயும் நானும்தான். நான் இங்கே வந்து மூன்று மாதமாகிறது. மிச்சம் இருப்பது யார் என்று கணக்குப் போட எனக்குக் கம்ப்யூட்டர் டிகிரி தேவையில்லை. கோபம் உனக்கு என்றால் எனக்குக் கோபம் என்று எழுதுலா. சுற்றி வளைக்காதே.

குறிப்பை எடுத்தது நான். ஒளித்து எடுக்கவில்லை, மீட்டிங்கில் வைத்துத்தான் எடுத்தேன். ஃபேக்டரி எச்.ஆர். அதிகாரி எஞ்சிக் ஷாருல் சோதனை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாரோ ஒருத்தி வேற யாருக்கோ வலிக்குதுன்னு சொன்னா அது புகார் இல்ல, வம்பு. இதையெல்லாம் கணக்குல சேர்த்தா என் ஃபேக்டரி ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றார். நம் பாஸ் மோகனராஜ் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் "செவிவழி" என்று ஒரு தனிப் பெட்டி வைத்தேன். அழைப்புகள் அழிக்கப்படவில்லை, அந்தப் பெட்டிக்குப் போகின்றன. அறிக்கையில் வருவதில்லை, அவ்வளவுதான். அதற்கும் நான் ஒத்துக்கொள்ளாதிருந்தால் மெஷினே போயிருக்கும். மெஷின் இல்லாவிட்டால் உன் வேலை எங்கே?

கலைத்துறைப் பெண் வேண்டாம், இன்ஜினியர் போதும் என்று மோகனராஜ் சொன்னபோது சண்டை போட்டு உன்னை வேலைக்கு எடுத்தவள் நான். "இந்தப் பொண்ணுக்கு மனுசங்களைக் கேக்கத் தெரியும், அதை நம்ம யாராலயும் கோட் பண்ண முடியாது" என்று சொன்னேன். மெஷினின் தமிழ்க் குரலாக உன் குரலைத்தான் வைத்தேன். அதையெல்லாம் மறந்துவிட்டு "சிலருக்கு வருத்தம்" என்று எழுதுகிறாய்.

இன்னொன்று. விசாரணை விவரம் வெளியே வரக்கூடாத ஒன்று. உனக்கு யார் சொன்னது? தயவுசெய்து இதில் தலையிடாதே. நாம் மெஷின் விற்றவர்கள். ஃபேக்டரியை நடத்துகிறவர்கள் இல்லை.

பத்தியை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. சிரிக்கிற மாதிரி ஒரு படமும்.

ஷஹீதா


சிம்பாங் அம்பாட்
24 ஆகஸ்ட் 2025

ஷஹீதா அக்கா,

எனக்குச் சொன்னது என் அம்மா.

அந்த ப்ளேட்டிங் செக்‌ஷன் அக்காவின் பெயர் நவமணி. என் அம்மா. போன கடிதத்தில் "ஓர் அக்கா" என்று எழுதினேன். நேராக எழுத வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வராது போலிருக்கிறது.

வார நாட்களில் நான் ஜார்ஜ் டவுன் அறையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைதான் இங்கே வீட்டுக்கு வருவேன். ஜூலையில் ஒருநாள் அம்மா சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா ஸ்பூன்?" என்றேன். "உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஸ்பூன்லதான சாப்புடுறீங்க. நானும் கத்துக்கிறேன்லா. நாளைக்கு உன் கல்யாணத்துல எம்.டி. பக்கத்துல உக்கார வச்சா மானம் போகக் கூடாதுல்ல" என்றார். நான் சிரித்தேன். இரண்டு கையிலும் மெல்லிய துணி உறை போட்டிருந்தார். வாஷிங் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மனிதர்களைக் கவனிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். நான் அந்த உறையைப் பார்த்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டேன்.

விசாரணைக்கு வரச் சொன்ன பிறகுதான் உறையைக் கழற்றிக் காட்டினார்.

"புகார் லைனுக்குப் போன் போட்டியாம்மா?"

"போட்டேனே."

"என்ன சொன்ன?"

"ஒரு அக்காவுக்குக் கை எரியுதுன்னு சொன்னேன்."

"எந்த அக்காவுக்கு?"

"என்னடி வக்கீலு மாதிரி கேக்குற? ஒரு அக்காவுக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னார். எச்.ஆர். அறையில் "புகார் செஞ்சீங்களா?" என்று கேட்டபோது "இல்லை" என்று தலையாட்டிவிட்டாராம். "வேற ஒருத்திக்குன்னு போன்ல சொல்லிட்டேன். இப்பப் போயி அது நான்தான்னு சொன்னா பொய்க்காரின்னுல்ல நெனப்பாங்க? நான் பொய் சொன்னதில்லடி." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் பொரியலைத் தள்ளினார், ஸ்பூனால்.

அக்கா, என் அம்மா பொய் சொல்லவில்லை. அது எங்கள் பெண்கள் குறை சொல்லும் முறை. கடைசி வருட ஆய்வுக்காக ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு பருவம் முழுக்க அவர்களோடு போய் வந்து நான் தெரிந்துகொண்டதே அதுதான். தனக்கு முடியவில்லை என்று சொல்பவளுக்கு அடுத்த மாதம் ஓவர்டைம் கிடைக்காது, சோம்பேறி என்ற பேரும் வரும். பக்கத்துப் பெண்ணுக்கு முடியவில்லை என்று சொல்பவளை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒருத்திக்காக இன்னொருத்தி சொல்வாள். கேட்க ஆள் இல்லாதபோது தனக்காகத் தானே இன்னொருத்தியாகிச் சொல்வாள். பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். எஞ்சிக் ஷாருலுக்குத் தெரியாது. தெரியவைக்கத்தான் அந்தக் குறிப்பை எழுதினேன்.

செவிவழிப் பெட்டியைத் திறக்கும் அனுமதி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எடுக்கப்பட்ட குறிப்பின் பழைய பிரதியும் உங்களிடம்தான். இரண்டும் எனக்கு வேண்டும்.

நீங்கள் கேட்ட பத்தியையும் கீழே தருகிறேன். படம் வேண்டாம்.

"என் பெயர் துளசி. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். மானுடவியலில் மனிதர்கள் சொல்லாததைக் கேட்கக் கற்றேன். கணினிப் பாடத்தில் அதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றேன். வேலையில், அப்படிச் சொல்லிக்கொடுத்ததை வாடிக்கையாளர் விரும்பாவிட்டால் எடுத்துவிடலாம் என்று கற்றேன். இப்போது என் அம்மாவின் கைகள் வெந்திருக்கின்றன. மாணவர்களே, மூன்றையும் இணைப்பது இப்படித்தான்."

திரையில் போடுங்கள்.

துளசி


கோலாலம்பூர்
27 ஆகஸ்ட் 2025

துளசி,

உன் அம்மாவின் கைகளைப் பற்றிப் படித்தேன். வருத்தமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியை வருத்தத்தோடு எழுத முடியவில்லை.

உன் அம்மா அந்த ஃபேக்டரியில் வேலை செய்கிறார் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஆபரேட்டர் என்று தெரியும், எந்த ஃபேக்டரி என்று தெரியாது. வாடிக்கையாளரின் தொழிலாளி நம் ஊழியருக்குத் தாய். இதைக் கேட்டதும் மோகனராஜ் என்ன சொல்வார் தெரியுமா? "அம்மாவைக் காப்பாத்த மகள் கதை கட்டுறா" என்பார். எஞ்சிக் ஷாருலும் அதையேதான் சொல்வார். உன் குறிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இனிமேல் அது ஒரு மகளின் குறிப்பு. நீ அதை விசாரணைக்கு எடுத்துப் போனால் அங்கேயே கிழித்துப் போடுவார்கள்.

அதோடு உன் அம்மாவே புகார் செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்வது? "நீங்க சொன்னது தப்பு, நீங்க புகார் செஞ்சீங்க" என்று நான் போய் அவருக்கே சொல்லட்டுமா?

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது உன் பத்தி. "எடுத்துவிடலாம் என்று கற்றேன்." நீயும் அந்த மீட்டிங்கில் இருந்தாய், துளசி. உன் குறிப்பைத் திரையில் போட்டு, எடுப்பதற்கு முன்னால், எல்லோர் முன்னாலும் "துளசி, ஏதாவது சொல்லணுமா?" என்று உன்னைக் கேட்டேன். நீ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். மூடினாய், திறந்தாய், மூடினாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அன்றைக்கு வாய் திறந்திருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். நீ பேசாமல் இருந்துவிட்டு இப்போது கடிதத்தில் கோபப்படுகிறாய். கடிதத்தில் எல்லோருக்கும் தைரியம் வரும்.

அழைப்புகளைத் தர முடியாது. யார் கூப்பிட்டார்கள் என்று தெரியக்கூடாது என்பதுதான் அந்த லைனின் அடிப்படை. அதை நீயும் கையெழுத்திட்டு ஒத்துக்கொண்டிருக்கிறாய்.

ஷஹீதா


ஜார்ஜ் டவுன்
1 செப்டம்பர் 2025

ஷஹீதா அக்கா,

உண்மைதான். கேட்டீர்கள். நான் மூடியைத் திருகினேன்.

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? நான் சொல்கிறேன், நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எஞ்சிக் ஷாருல் போனை எடுத்துப் பார்த்தார். மோகனராஜ் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். அந்தச் சத்தம் உங்களுக்குத் தாங்கவில்லை. உடனே சிரித்துக்கொண்டு, "துளசி ஓகேதான், அவ கொஞ்சம் ஷை" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். அப்போது முதல் வாக்கியத்தை மலாயில் எப்படித் தொடங்குவது என்று யோசித்து முடித்திருந்தேன். வாய் திறக்கத்தான் மூடியைக் கீழே வைத்தேன். நீங்கள் எனக்குப் பதிலாக ஓகே சொல்லிவிட்டீர்கள். நான் ஓகே சொல்லவில்லை, அக்கா. இன்றுவரை சொல்லவில்லை.

அதே மீட்டிங்கின் தொடக்கத்தில் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? என் தோளில் கைவைத்து, "இவளோட அம்மாவே ஒரு ஆபரேட்டர். அதான் எங்க ஸ்பெஷாலிட்டி" என்றீர்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷாருல் "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டித் தலையாட்டினார். என் அம்மா எந்த ஃபேக்டரி என்று அப்போது நீங்களும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. விற்பதற்கு "ஒரு ஆபரேட்டர்" போதுமாக இருந்தது. மெஷின் விற்கும்போது ஆபரேட்டரின் மகள் என்பது தகுதி. அந்த ஆபரேட்டரின் கை வெந்தால் அதே உறவு சந்தேகம். இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வருகிறது?

என் குரலை வைத்ததைச் சலுகையாகச் சொல்கிறீர்கள். அந்த மீட்டிங் முடிந்த மறுநாள், நான் வீட்டுக்குக் கிளம்பும்போது, "இன்னும் ஒரே ஒரு வரி பேசிட்டுப் போ" என்று மைக்கைக் கொடுத்தீர்கள். "இது உங்கள் பிரச்சினையா, வேறு ஒருவருடைய பிரச்சினையா?" எதற்கு என்று கேட்டேன். "சும்மா, ஒரு கிளாரிட்டிக்கு" என்றீர்கள். நான் வாசித்தேன். என் மெதுவான குரலில், யாரும் பயப்படாத குரலில். "வேறு ஒருவருடையது" என்று பதில் சொன்னால் செவிவழிப் பெட்டிக்குப் போய்விடும் என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் அந்தக் கேள்விக்கு வேறு எந்தப் பதிலும் சொல்ல மாட்டார்கள் என்று என் குறிப்பைப் படித்த உங்களுக்குத் தெரியும். தெரிந்துதானே அந்தக் கேள்வியை வைத்தீர்கள்? என் ஆய்வை வைத்தே பொறியைச் செய்து, என் குரலாலேயே அதை மூடியிருக்கிறீர்கள்.

மானுடவியலும் தொழில்நுட்பமும் கைகோக்கும் என்று உங்கள் கேரியர் டே போஸ்டரில் இருக்கிறது. கோத்த கை யாருடையது என்று பார்த்தீர்களா?

யார் கூப்பிட்டார்கள் என்பது தெரியக்கூடாது என்கிறீர்கள். சரி. கூப்பிட்டவரே தன் அழைப்பைக் கேட்டால்? அம்மா தன் அழைப்பைத் தானே கேட்கிறார் என்று கையெழுத்திட்டுத் தருவார். அதற்குத் தடையில்லை. விதிமுறையைப் படித்துவிட்டேன், அதையும் கலைத்துறையில்தான் கற்றேன்.

நீங்கள் அந்தப் பெட்டியை ஒருமுறையாவது திறந்து கேட்டீர்களா? ப்ளேட்டிங் செக்‌ஷன், மே முதல் ஜூலைவரை. கேளுங்கள். கேட்டுவிட்டு, மகள் கதை கட்டுகிறாள் என்று மறுபடி எழுதுங்கள்.

துளசி


கோலாலம்பூர்
10 செப்டம்பர் 2025

துளசி,

உன் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். நிறைய எழுதினேன், அனுப்பவில்லை. பிறகு பெட்டியைத் திறந்தேன். உன்னைத் தப்பென்று காட்டத்தான் திறந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியில் ப்ளேட்டிங் செக்‌ஷனிலிருந்து மட்டும் நிறைய அழைப்புகள் இருந்தன. பல குரல்கள். எல்லோரும் வேறு ஒரு அக்காவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான்தான் இந்த மெஷினை உருவாக்கினேன், ஒன்றைக்கூட இதுவரை கேட்டதில்லை.

உன் அம்மாவின் அழைப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

மெஷின்: வணக்கம். உங்கள் குறையைச் சொல்லுங்கள்.

குரல்: வணக்கம்மா. இங்க ப்ளேட்டிங்ல ஒரு அக்கா இருக்காங்க. கிளவ்ஸுக்குள்ள தண்ணி பூந்து கையெல்லாம் எரியுதாம். வேற கிளவ்ஸ் கேட்டா ஸ்டாக் இல்லங்குறாங்களாம். பாவம்லா, சோறு கூடப் பெசைய முடியல.

மெஷின்: இது உங்கள் பிரச்சினையா, வேறு ஒருவருடைய பிரச்சினையா?

(பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்கிறது.)

குரல்: வேற ஒருத்தருக்குத்தாம்மா. எனக்கு ஒன்னும் இல்ல. நான் நல்லா இருக்கேன். நீ சாப்டியா?

மெஷின்: நன்றி. உங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது.

குரல்: சரிம்மா. நேரத்துக்குச் சாப்புடு.

மெஷினைப் பார்த்து யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. உன் குரல் என்று தெரிந்து பேசியிருக்கிறார், துளசி. அந்தக் கேள்வியை நான்தான் எழுதினேன். உனக்குத் தெரியாமல் உன்னை வைத்து உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதுகிறேன்.

மோகனராஜிடம் சொன்னேன். எங்கள் உரையாடல் நன்றாக முடியவில்லை. "கிளையன்ட்டுக்கு எதிரா சாட்சி சொல்லப் போறியா? புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். கேரியர் டேயில் என் இடத்தில் வேறு யாரோ பேசுவார்கள். என் அத்தா போனில், "பினாங்குல கடையை வச்சிருக்குற நானே கஸ்டமர்கிட்ட சண்டை போடுறதில்ல, நீ சம்பளம் வாங்கிக்கிட்டுச் சண்டை போடுறியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொம்பளைக்குக் கை எப்படி இருக்கு?" என்றார்.

உன் அம்மா கையெழுத்திட்டு அனுப்பினால் அவருடைய அழைப்புகளை நான் அன்றே தருகிறேன். உன் குறிப்பின் பழைய பிரதி இத்துடன் இருக்கிறது. தேதியோடு இருக்கிறது. உன் அம்மா முதல் அழைப்பு செய்வதற்கு முன்பே நீ எழுதியது என்று யாரும் பார்க்கலாம். மகள் கதை கட்டுகிறாள் என்று அதற்குப் பிறகு சொல்ல முடியாது.

18ஆம் தேதி காலை விமானத்தில் வந்துவிடுகிறேன். நேராக ஃபேக்டரி வாசலுக்கு வருகிறேன். நீ ஒன்றுக்கும் பயப்படாதே. உன்னைப் பேசச் சொல்லி நெருக்க மாட்டேன். நீ வாயே திறக்க வேண்டாம். ஷாருலை எனக்குத் தெரியும், எப்படிப் பேசினால் இறங்குவார் என்று தெரியும். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷஹீதா


சிம்பாங் அம்பாட்
13 செப்டம்பர் 2025

ஷஹீதா அக்கா,

கடிதமும் குறிப்பும் கிடைத்தன. அம்மா கையெழுத்திட்ட தாளை இத்துடன் அனுப்புகிறேன். பேனாவை இரண்டு விரல் நுனியில் பிடித்துப் போட்டார், அதனால் கோணலாக இருக்கிறது. சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

என் கோபம் இன்னும் போகவில்லை. நீங்கள் வருவதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கேரியர் டே போனதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். அந்த மாணவர்களிடம் நீங்கள் போய்ச் சொல்ல இப்போதுதான் ஏதோ இருக்கிறது, இப்போது பார்த்து இடத்தை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் எரிச்சல்.

நீங்கள் எழுதிய அழைப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார், நறுக்கச் சொல்லி. இப்போது நறுக்குவதெல்லாம் நான்தான்.

"என் குரல்னு தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? முதல் தடவ கேட்டப்பவே தெரியும். பஸ்ல எல்லாருக்கும் போனைக் குடுத்துக் கேக்க வச்சேன், என் மவ பேசுறான்னு. வீட்டுல வாயே தெறக்க மாட்டா, போன்ல எப்படி வணக்கம் சொல்றா பாருங்கன்னு."

"அப்புறம் ஏன் உன் கைன்னு சொல்லல?"

"நீல்ல கேக்குற. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அது மெஷின்மா."

"அது உனக்கு."

எனக்கு அப்போது வந்த கோபம் உங்கள்மீது மட்டும் இல்லை. வெங்காயத்தின் மேல் காட்டினேன். "பொடிசா வெட்டச் சொன்னா சட்னி ஆக்கிட்டியேடி" என்றார்.

18ஆம் தேதி என்ன சொல்வார் என்று கேட்டேன். போன் செய்தது தான்தான் என்று சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஏன் வேறு ஒருவருக்கு என்று சொன்னாய் என்று கேட்டால் தன்னால் விளக்க முடியாது என்கிறார். "அது எப்பவுமே அப்படித்தான சொல்லுவோம்" என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை இல்லை. அதை விளக்கத்தான் நான் படித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டது நான். குறிப்பை எழுதியது நான். அதை மெஷினுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இதுவரை மனிதர்கள் இருக்கும் ஓர் அறையில் மட்டும் சொன்னதில்லை.

ஒரு வாரமாக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மலாயில் சொல்லிப் பார்க்கிறேன். முதல் வாக்கியம் வந்துவிட்டது. இரண்டாவதில் குரல் இறங்கிவிடுகிறது. பக்கத்து அறை சுஹானா சுவரைத் தட்டி, "யார்கிட்டடி சண்டை? சத்தமா சண்டை போடு, எனக்கும் கேக்கட்டும்" என்கிறாள். இப்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.

உங்கள் கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ வாயே திறக்க வேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மீட்டிங்கிலும் நல்ல மனதோடுதான் எனக்காக ஓகே சொல்லியிருப்பீர்கள். நான் இதுவரை என்னுடையதையெல்லாம் இன்னொருவர் வாயில் கொடுத்தே பழகிவிட்டேன். பள்ளியில் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தேன், பல்கலைக்கழகத்தில் குழுத்தலைவியிடம் கொடுத்தேன், பிறகு உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அதை வாங்கி உங்களுக்குத் தோன்றியதைச் சொன்னீர்கள். மெஷினும் அதைத்தான் செய்தது. அம்மா வேறு ஒருத்தியாகிச் சொன்னதை நான் ஆய்வு செய்தேன், எனக்கும் அதே பழக்கம் என்று தெரியாமல்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், வெங்காயம், சுஹானா என்று எதையெதையோ எழுதித் தள்ளிப்போட்டுவிட்டேன். இது அம்மாவுக்காக இல்லை. எனக்கு வேண்டும்.

குறிப்பை எடுத்தது யார் என்று கேட்டால் நான் என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வியை மெஷினில் வைத்தது யார் என்று கேட்டால் நான் என்று சொல்லுங்கள். அவை உங்களுடையவை. அந்தப் பெண்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கும்போது மட்டும் நீங்கள் பேச வேண்டாம். எனக்கு நேரம் பிடிக்கும். பாட்டில் மூடியைத் திருகுவேன். எஞ்சிக் ஷாருல் போனை எடுத்துப் பார்ப்பார். யாராவது நாற்காலியை நகர்த்துவார்கள். அந்தச் சத்தம் உங்களுக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள். அவள் ஷை என்று சொல்லாதீர்கள். என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து, எவ்வளவு நேரமானாலும் நான் தொடங்கும்வரை காத்திருங்கள், அக்கா.

துளசி